ஜதுநாத் சர்க்கார்: கல்கத்தாவின் போர் வரலாற்றாசிரியர்

ஜதுநாத் சர்க்கார் (1870–1958) முகலாயப் பேரரசின் எழுச்சி தளர்ந்து அது சிதைந்த காலத்தை எழுதிய வங்காள வரலாற்றாசிரியர். ஐந்து தொகுதிகளாக வந்த அவுரங்கசீப் வரலாறும், நான்கு தொகுதிகளாக வந்த முகலாயப் பேரரசின் வீழ்ச்சியும் அவருடைய முதன்மைப் படைப்புகள். இரண்டிலும் பெரும்பகுதி போர்களைப் பற்றியதே. படை எந்த வழியாகச் சென்றது, களத்தில் எத்தனை பேர் நின்றார்கள், முற்றுகையிட்டவர்களுக்குத் தானியம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளைச் சமகாலச் சான்றுகளைக் கொண்டு விடை காண வேண்டியவையாக அவர் நடத்தினார். இந்தியப் போர்களைப் பற்றிய அறிவு புகழ்மாலைகளிலிருந்தும் செவிவழிக் கதைகளிலிருந்தும் விலகி ஆய்வுத்துறையாக மாறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இளமையும் ஆசிரியப் பணியும்

சர்க்கார் 1870 டிசம்பர் 10 அன்று, இன்று வங்கதேசத்தில் உள்ள நாட்டோர் வட்டாரத்தின் கராச்மாரியா என்ற ஊரில் பிறந்தார். தந்தை ராஜ்குமார் சர்க்கார் ஜமீன்தார். சொந்த நூலகம் வைத்திருந்தவர். வரலாற்று நூல்களில் மகனுக்கு ஈடுபாடு வந்தது அந்த வீட்டில்தான். ராஜ்ஷாகியில் பள்ளிப்படிப்பை முடித்த சர்க்கார் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். 1892இல் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். 1897இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் மிக உயர்ந்த பரிசான பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. அதற்காக மேற்கொண்ட ஆய்விலிருந்து உருவான ‘அவுரங்கசீப்பின் இந்தியா’ 1901இல் நூலாக வெளிவந்தது.

அந்த முதல் நூலில் அரசர்களின் கதை குறைவு. சுபாக்கள் என்னும் மாகாணங்களின் எல்லை, வருவாய், ஊர்கள், சாலைகள் ஆகியவையே அதன் பொருள். ராய் சதுர்மன் எழுதிய ‘சஹார் குல்ஷன்’ என்ற பாரசீக நூலில் இருந்த வழித்தடப் பட்டியல்களை அவர் நவீன வரைபடத்தோடு பொருத்தினார். ஒரு படை தங்கிய ஊர் எது, அடுத்த தங்கலுக்கு எவ்வளவு தூரம், இடையில் ஆறு எங்கே குறுக்கிட்டது என்பவை அதனால் தெளிவாயின. பின்னாளில் அவர் எழுதிய படையெடுப்பு வரலாறுகளுக்கு அடித்தளமாக நின்றது இந்த நிலவியல் அறிவே.

ஆசிரியப் பணியை அவர் கல்கத்தாவில் ஆங்கிலப் பேராசிரியராகத் தொடங்கினார். 1899 முதல் பணிக்காலத்தின் பெரும்பகுதி பாட்னா கல்லூரியில் கழிந்தது. இடையில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும், கட்டாக் ராவன்ஷா கல்லூரியிலும் வரலாறு கற்பித்தார். பாட்னாவில் குதா பக்ஷ் நூலகத்தின் பாரசீகக் கைப்பிரதிகள் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கோடை விடுமுறைகள் ஆவணத் தேடலுக்கும் களப் பயணங்களுக்கும் போயின. பாரசீகம், மராத்தி, பிரெஞ்சு, போர்த்துகீசு ஆகிய மொழிகளை ஆய்வுக்காகவே கற்றுக்கொண்டார்.

கல்கத்தா தந்த கருவிகள்

ராபர்ட் ஓர்ம் காலத்திலிருந்தே இந்தியப் போர்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு வந்தன. கர்நாடகப் போர்களையும் வங்காள நிகழ்வுகளையும் பற்றி ஓர்ம் எழுதிய நூலின் முதல் தொகுதி 1763இல் வந்தது. ஆனால் அவருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையே மையம். எதிர்த்தரப்பு என்ன திட்டமிட்டது, அதன் படை எப்படி அமைந்திருந்தது என்பதை உள்ளிருந்து சொல்ல பாரசீக, மராத்தி ஆவணங்கள் வேண்டும்.

அதற்கான முதற்படியைக் கல்கத்தாவே அமைத்துத் தந்தது. 1784இல் அங்கு நிறுவப்பட்ட ஆசியவியல் கழகம் தனது ‘பிப்ளியோதிகா இண்டிகா’ வரிசையில் பாதுஷாநாமா, ஆலம்கீர்நாமா, மாசிர்-இ-ஆலம்கீரி, காஃபி கானின் வரலாறு முதலிய மூலங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சிட்டது. 1891இல் தொடங்கிய இந்திய அரசின் ஆவணத் துறையும் தலைநகர் டெல்லிக்கு மாறிய பிறகும் பல ஆண்டுகள் கல்கத்தாவிலேயே இருந்தது.

அச்சான நூல்களோடு நின்றுவிட்டால் அரசவைக் குறிப்பாளர்கள் சொன்னதையே திரும்பச் சொல்ல நேரும் என்பதைச் சர்க்கார் விரைவில் உணர்ந்தார். ஆலம்கீர்நாமா அரசரின் ஒப்புதலோடு எழுதப்பட்ட வரலாறு. தோல்வியை அது மென்மையாகக் கடந்துவிடும். எனவே நிகழ்வு நடந்த நாளிலேயே எழுதப்பட்ட கடிதங்களையும் செய்தியறிக்கைகளையும் தேடினார். அரசவையிலிருந்து ராஜபுத்திர அரசர்களின் முகவர்கள் அனுப்பிய ‘அக்பாராத்’ என்னும் நாள்குறிப்புச் சீட்டுகள் ஜெய்ப்பூரிலும், ஜேம்ஸ் டாட் கொண்டுபோன தொகுப்பாக லண்டன் ராயல் ஆசியவியல் கழகத்திலும் இருந்தன. பேரரசர் இன்று எங்கே பாளையமிட்டார், எந்தத் தளபதிக்கு என்ன உத்தரவு போனது என்பதை நாள்தோறும் காட்டும் சான்றுகள் அவை. ஐரோப்பிய நூலகங்களின் கைப்பிரதிகளை ஒளிப்படப் படிகளாகத் தன் செலவிலேயே வரவழைத்தார்.

பனாரஸில் அவர் கண்டெடுத்த ‘ஹஃப்த் அஞ்சுமன்’ முகலாயத் தளபதி மிர்சா ராஜா ஜெய்சிங்கின் செயலர் உதயராஜ் தொகுத்த கடிதத் திரட்டு. 1665இல் சிவாஜிமீது நடந்த புரந்தர் படையெடுப்பை ஜெய்சிங் எப்படித் திட்டமிட்டார் என்பது அவருடைய சொற்களிலேயே இதில் கிடைத்தது. சிவாஜியின் பகைவர்களை ஒருங்கிணைத்தல், அவருடைய ஆட்களைப் பதவியும் பணமும் காட்டி இழுத்தல், பீஜாப்பூர் உதவிக்கு வராமல் தடுத்தல் எனக் கோட்டை முற்றுகைக்குப் பின்னால் இருந்த அரசியல் வேலை முழுவதையும் அந்தக் கடிதங்கள் வெளிப்படுத்தின.

பாரிஸ் தேசிய நூலகத்தில் ஆசிரியர் அடையாளம் தெரியாமல் கிடந்த ‘பஹாரிஸ்தான்-இ-கைபி’யை அவர் இனம்கண்டு அறிமுகப்படுத்தினார். ஜஹாங்கீர் காலத்தில் வங்காளத்திலும் அசாமிலும் போரிட்ட மிர்சா நாதன் என்ற படைத்தலைவரின் நேரடிக் குறிப்பு அது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருந்த ஷிஹாபுத்தீன் தாலிஷின் நூல் தொடர்ச்சியையும் அவர் வெளிக்கொணர்ந்தார். 1666 ஜனவரியில் ஷாயிஸ்தா கானின் படை அராக்கானிடமிருந்து சட்டகிராமத்தைப் பிடித்ததையும், ஆற்று முகத்துவாரங்களில் ஃபிரங்கி எனப்பட்ட போர்த்துகீசியக் கொள்ளையர் நடத்திய ஆள்கடத்தலையும் அது விவரிக்கிறது. முகலாயர் குதிரைப்படையை மட்டுமே நம்பியவர்கள் என்ற பொதுக் கருத்துக்கு, அவர்களுடைய வங்காளப் படகுப்படை பற்றிய இச்செய்திகள் திருத்தமாக அமைந்தன.

அவுரங்கசீப் வரலாறு

‘அவுரங்கசீப் வரலாறு’ 1912 முதல் 1924 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. இரண்டாம் தொகுதியின் பொருள் 1658–59ஆம் ஆண்டுகளின் வாரிசுரிமைப் போர். தர்மத், சாமுகர், கஜ்வா ஆகிய களங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அணிவகுப்பு, பீரங்கி வரிசை, பக்கப்படைகளின் தாக்குதல், திருப்புமுனை என்ற முறையில் அவர் விளக்கினார். 1658 மே 29 அன்று ஆக்ராவுக்கு அருகே சாமுகரில் நடந்த போரில் அவுரங்கசீப்பின் அண்ணன் தாரா ஷுகோவின் படையே எண்ணிக்கையில் மேலோங்கியிருந்தது. களைத்து வந்த எதிரியை உடனே தாக்காமல் ஒரு நாளை வீணாக்கியதும், நெருக்கடி நேரத்தில் தாரா யானையிலிருந்து இறங்கியதைக் கண்டு அவர் வீழ்ந்துவிட்டார் எனப் படையினர் கலைந்ததும் முடிவை மாற்றின. இதைச் சொல்லும்போது அரசவை வரலாற்றை மட்டும் நம்பாமல், ஈசர்தாஸ் நாகர், ஆகில் கான், பெர்னியர், மனூச்சி ஆகியோரின் பதிவுகளையும் அவர் ஒப்பிட்டார்.

ஐந்தாம் தொகுதியில் தமிழ்நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி செஞ்சி முற்றுகை. சம்பாஜியின் மறைவுக்குப் பின் அவருடைய தம்பி ராஜாராம் 1689இல் செஞ்சிக்கு வந்து சேர, 1690இல் முகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் கோட்டையை முற்றுகையிட்டார். அது 1698 தொடக்கம் வரை நீடித்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் இணைத்துச் சுற்றிய மதிலை முழுமையாக வளைத்துக்கொள்ளப் போதிய ஆள்பலம் ஜுல்ஃபிகாரிடம் இல்லை. கோட்டைக்கு வெளியே மராத்தியர் தடையின்றி நடமாடினார்கள்.

1692 டிசம்பரில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்ப்படேயும் தனாஜி ஜாதவும் பெரும் குதிரைப்படையோடு வந்தபோது நிலைமை தலைகீழானது. காஞ்சிபுரத்தின் ஃபவ்ஜ்தாரான (படைப்பொறுப்பு அதிகாரி) அலி மர்தான் கான் சிறைபட்டார். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் சிக்கினார்கள். பாளையத்தில் உணவு அருகியது. அங்கிருந்த இளவரசர் காம் பக்ஷ் எதிரியோடு பேசுகிறார் என்ற ஐயத்தில் அவரைத் தளபதிகளே காவலில் வைத்தார்கள். படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. பிறகு ஜுல்ஃபிகார் தஞ்சாவூர் உள்ளிட்ட தெற்குப் பகுதிகளில் திறை வசூலித்தே படையை நடத்தினார். கோட்டை கடைசியில் விழுந்தபோது ராஜாராம் ஏற்கெனவே தப்பிச் சென்றிருந்தார்.

இந்த முற்றுகையை எழுதச் சர்க்காருக்கு உதவிய சான்றுகளில் முதன்மையானது பீம்சேன் எழுதிய ‘நுஸ்கா-இ-தில்குஷா’. புந்தேலத் தளபதி தல்பத் ராவிடம் அலுவலராக இருந்த பீம்சேன் செஞ்சிப் பாளையத்தில் வாழ்ந்தவர். கோட்டையை முன்பே பிடித்திருக்கலாம், ஜுல்ஃபிகார் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. புதுச்சேரியில் இருந்த ஃபிரான்சுவா மார்த்தேனின் குறிப்புகளைச் சர்க்கார் அதோடு இணைத்துப் படித்தார். பின்னர் சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதி 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாறும் சர்க்காரின் ஆய்வைப் பயன்படுத்திக்கொண்டது.

மராத்தியர் வரலாறும் பூனாவின் எதிர்ப்பும்

1919இல் வெளிவந்த ‘சிவாஜியும் அவருடைய காலமும்’ மகாராஷ்டிரத்தில் கடும் விவாதத்தை எழுப்பியது. பகர் எனப்படும் பிற்கால மராத்தி உரைநடை வரலாறுகளைச் சர்க்கார் குறைத்தே மதித்தார். பாரசீக ஆவணங்களுக்கும் ஆங்கிலேயர், போர்த்துகீசியர் கடிதங்களுக்கும் முன்னுரிமை தந்தார். பூனாவில் 1910இல் தொடங்கப்பட்ட பாரத இதிகாச சம்சோதக மண்டலத்தைச் சார்ந்த அறிஞர்கள், மராத்தி மூலங்களை அவர் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றார்கள்.

எதிர்ப்புக்கு நடுவே மராத்திய வரலாற்றாசிரியர் கோவிந்த் சகாராம் சர்தேசாயோடு அவருக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் நீடித்த நட்பும் கடிதத் தொடர்பும் இருந்தன. பேஷ்வாக்களின் ஆவணக் காப்பகமான பேஷ்வா தஃப்தரின் ஆவணங்களைச் சர்தேசாய் 1930 முதல் தேர்ந்தெடுத்துப் பதிப்பித்ததும், பூனா ரெசிடென்சிக் கடிதங்களை இருவரும் சேர்ந்து பதிப்பித்ததும் அந்த நட்பின் விளைவுகள். 1919இல் அமைக்கப்பட்ட இந்திய வரலாற்று ஆவணக் குழுவிலும் சர்க்கார் தொடக்கம் முதல் உறுப்பினர். ஆவணக் காப்பகங்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற வாதத்தை அங்கே தொடர்ந்து முன்வைத்தார்.

துணைவேந்தர் பதவியும் பேரரசின் வீழ்ச்சியும்

1926இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற சர்க்கார் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். முன்னாள் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி வளர்த்த பட்டமேற்படிப்புத் துறைகளின் போக்கை முன்பே விமர்சித்தவர் என்பதால் பதவிக்காலம் உள்பூசல்களோடு நகர்ந்தது. 1928இல் விலகினார். அவ்வாண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய சர் வில்லியம் மேயர் சொற்பொழிவுகள் ‘யுகங்களினூடே இந்தியா’ என்ற நூலாயின. 1929இல் சர் பட்டம் பெற்றார்.

அதன் பின் டார்ஜிலிங்கிலும் கல்கத்தாவிலுமாக வாழ்ந்து எழுதியதே ‘முகலாயப் பேரரசின் வீழ்ச்சி’. பாரசீக அரசர் நாதிர் ஷா டெல்லியிலிருந்து திரும்பிச் சென்ற 1739 முதல் ஆங்கிலேயர் டெல்லியைக் கைப்பற்றிய 1803 வரையிலான காலத்தை அது உள்ளடக்குகிறது. முதல் தொகுதி 1932இலும் நான்காம் தொகுதி 1950இலும் வெளிவந்தன. வில்லியம் இர்வின் முடிக்காமல் விட்டுச்சென்ற ‘பிற்கால முகலாயர்’ நூலை 1922இல் பதிப்பித்தவரும் சர்க்காரே. முகலாயப் படையமைப்பைப் பற்றி 1903இலேயே தனி நூல் எழுதிய இர்வின் விட்ட இடத்திலிருந்து சர்க்காரின் நூல் தொடர்கிறது.

இந்நூலின் இரண்டாம் தொகுதி 1761 ஜனவரி 14 அன்று மராத்தியருக்கும் ஆப்கானியருக்கும் இடையே நடந்த மூன்றாம் பானிப்பட் போரை விரிவாக ஆராய்கிறது. ஆப்கானிய அணியில் நின்ற அவத் நவாப் ஷுஜா-உத்-தவ்லாவின் பணியில் இருந்த காசிராஜ் எழுதிய குறிப்பு அப்போருக்கான முக்கியச் சான்று. ஜேம்ஸ் பிரவுன் செய்த பதினெட்டாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பின் வழியாகவே அது பரவலாக அறியப்பட்டிருந்தது. அம்மொழிபெயர்ப்பின் குறைகளைக் கண்ட சர்க்கார் பாரசீக மூலத்திலிருந்து புதிதாக மொழிபெயர்த்தார். அதே அணியில் இருந்த ரோகில்லாத் தலைவர் நஜீப்-உத்-தவ்லாவைப் பற்றி நூருத்தீன் ஹசன் எழுதியதையும் ஆங்கிலத்தில் தந்தார்.

பானிப்பட்டில் மோதியவர்களின் எண்ணிக்கை லட்சங்களில் சொல்லப்பட்டு வந்தது. பாளையத்தோடு வந்த வணிகர், பணியாளர், குடும்பத்தினர் ஆகியோரைப் போர்வீரர்களிலிருந்து பிரித்துக் கணக்கிட்ட சர்க்கார், ஆப்கானிய அரசர் அகமது ஷா அப்தாலியின் தரப்பில் சுமார் 60,000 பேரும் மராத்தியர் தரப்பில் சுமார் 45,000 பேரும் களத்தில் நின்றதாக முடிவு செய்தார். தோல்விக்கான காரணங்களை அவர் போர் நாளுக்கு முந்தைய வாரங்களிலேயே தேடினார். 1760 டிசம்பரில் மராத்திய அதிகாரி கோவிந்த் பந்த் புந்தேலே கொல்லப்பட்டபின் மராத்தியருக்கு உணவு வரும் வழி அடைபட்டது. பட்டினியால் மெலிந்த குதிரைகளும் மனிதர்களுமே இறுதியில் போருக்கு இறங்கினார்கள். மராத்தியர் தரப்பில் இப்ராகிம் கான் கார்தியின் பயிற்சி பெற்ற காலாட்படை முதலில் வெற்றிகரமாக முன்னேறியது. ஆனால் மற்ற பிரிவுகள் அதனோடு ஒத்திசைந்து நகரவில்லை. தன் சேமப்படையைச் சரியான வேளையில் இறக்கிய அப்தாலி வென்றார்.

நான்காம் தொகுதியில் மராத்தியத் தலைவர் மகாதாஜி சிந்தியாவுக்காக ஐரோப்பியத் தளபதி தெ புவான் உருவாக்கிய ஐரோப்பிய பாணிப் படைப்பிரிவுகள் இடம்பெறுகின்றன. 1790இல் பாட்டன், மேர்தா களங்களில் ராஜபுத்திரக் குதிரைப்படையை அவை முறியடித்தன. ஒழுங்கும் இடைவிடாத துப்பாக்கிச் சூடும் தனிமனித வீரத்தை வெல்லும் என்ற முடிவுக்குச் சர்க்கார் இந்தக் களங்களை எடுத்துக்காட்டாக்கினார்.

பிற்காலப் பணிகள்

டாக்கா பல்கலைக்கழகத்துக்காக அவர் பதிப்பித்த ‘வங்காள வரலாறு’ இரண்டாம் தொகுதி 1948இல் வெளிவந்தது. பிளாசிப் போரோடு முடியும் அந்நூலில், 1757 ஜூன் 23ஐ இந்தியாவின் இடைக்காலம் முடிந்து புதுக்காலம் தொடங்கிய நாளாக அவர் கொண்டாடினார். இந்தத் தீர்ப்பு பின்னர் பெரிதும் கண்டிக்கப்பட்டது. மாசிர்-இ-ஆலம்கீரியின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1947இல் ஆசியவியல் கழகம் வெளியிட்டது. ஆயுதம் தாங்கிய துறவியரான தசநாமி நாகா சன்னியாசிகளின் வரலாற்றையும் எழுதினார்.

பிரிவினையை ஒட்டிய கலவர நாட்களில் மூத்த மகனைக் கல்கத்தாவில் இழந்த பிறகும் அவருடைய எழுத்து நிற்கவில்லை. தெற்குக் கல்கத்தாவில் லேக் டெரஸ் பத்தாம் எண் வீட்டில் வாழ்ந்து 1958 மே மாதம் காலமானார். அவர் எழுதிய போர்க் கட்டுரைகளின் தொகுப்பான ‘இந்தியாவின் இராணுவ வரலாறு’ 1960இல் வெளிவந்தது. அலெக்சாண்டர் போரஸோடு மோதிய களம் தொடங்கி, தராயின், பானிப்பட், கான்வா, 1565ஆம் ஆண்டின் தலிக்கோட்டா, ஹல்திகாட் எனப் பல போர்களைப் பொதுவாசகருக்கு அது விளக்குகிறது. நிலத்தின் அமைப்பு போரின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்து.

மதிப்பீடு

சர்க்காரின் முடிவுகள் அவருடைய காலத்துக்குப் பின் பல முனைகளில் கேள்விக்குள்ளாயின. பேரரசின் சரிவை அவர் பெரும்பாலும் அவுரங்கசீப்பின் சமயக் கொள்கையோடும் ஆள்பவர்களின் ஒழுக்கத்தோடும் இணைத்தார். சதீஷ் சந்திரா 1959இலும், இர்ஃபான் ஹபீப் 1963இலும், அதர் அலி 1966இலும் வெளியிட்ட நூல்கள் ஜாகிர் (பிரபுக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலவருவாய்) நெருக்கடி, உழவர்மீதான வரிச்சுமை, பிரபுக்கள் குழுவின் அமைப்பு ஆகியவற்றைக் காரணங்களாக முன்வைத்தன. அவர் மொழிபெயர்த்த அவுரங்கசீப் நிகழ்ச்சித் துணுக்குகளின் நம்பகத்தன்மையையும் பின்வந்தோர் ஐயுற்றனர். படைவீரர்கள் எந்த ஊரிலிருந்து, எந்தச் சமூக ஏற்பாட்டின் மூலம் திரட்டப்பட்டார்கள் என்ற கேள்வி அவருடைய நூல்களில் பெரிதாக எழவில்லை. டிர்க் கோல்ஃப் 1990இலும் யோஸ் கோமன்ஸ் 2002இலும் எழுதிய நூல்கள் படைவேலைச் சந்தை, குதிரை வணிகம், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றின் வழியே அந்த இடைவெளியை நிரப்பின.

போர்களின் நாள், இடம், படைநகர்வு குறித்து அவர் நிறுவியவை அவ்வாறு எளிதில் கைவிடப்படவில்லை. அவரோடு கருத்து வேறுபட்டவர்களும் அவர் தேடித் தந்த ஆவணங்களையே பயன்படுத்தினார்கள். ஷேர் ஷாவையும் ஜாட்களையும் பற்றி எழுதிய காளிகா ரஞ்சன் கானுங்கோ, சீதாமவ் இளவரசர் ரகுபீர் சிங் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். ஜகதீஷ் நாராயண் சர்க்கார் 1984இல் வெளியிட்ட இடைக்கால இந்தியாவின் போர்க்கலை பற்றிய நூலும், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் கௌசிக் ராய் எழுதிவரும் இராணுவ வரலாறுகளும் இத்துறை வங்காளத்தில் தொடர்வதைக் காட்டுகின்றன.

அவருடைய நூல்களும் கைப்பிரதிகளும் கொல்கத்தா தேசிய நூலகத்தில் தனித் தொகுப்பாக உள்ளன. லேக் டெரஸ் வீட்டில் 1973இல் நிறுவப்பட்ட சமூக அறிவியல் ஆய்வு மையம் பல ஆண்டுகள் இயங்கியது. இப்போது அந்த வீடு ஜதுநாத் பவன் என்ற பெயரில் அருங்காட்சியகமாகவும் ஆவண மையமாகவும் பயன்படுகிறது. அவருக்கும் சர்தேசாய்க்கும் இடையிலான கடிதங்களைக் கொண்டு தீபேஷ் சக்ரவர்த்தி 2015இல் எழுதிய நூல், சர்க்காரின் ஆய்வுமுறையை இந்திய வரலாற்றியலின் தொடக்கக் கட்டமாக மீண்டும் விவாதத்துக்குக் கொண்டுவந்தது.